ராம்நாடு கடற்கரைல ஒரு ஜாலியான கொலைக்கதை: லேண்ட் புரோக்கர வச்சு எழுதுறது எப்படி

கொலைக்கதைன்னாலே ரத்தம், சைக்கோ, மழைல நனைஞ்சுட்டு நிக்கிற போலீஸ்னு எழுதுறவங்க நெறைய பேரு இருக்காங்க. ஆனா ஊரு சின்னது, ஆளுங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம், கண்டுபிடிக்கிறது போலீஸ் கெடையாது நம்ம தெருவுல இருக்குற யாரோ ஒரு அக்கா, படிச்சு முடிச்சா பயம் இல்லாம சந்தோஷமா தூங்கப் போகலாம், அந்த மாதிரி கதை தமிழ்ல ரொம்பக் கம்மி. கோஸி மிஸ்டரின்னு அதுக்குப் பேரு. அத ராமநாதபுரம் கடற்கரைல, ஒரு லேண்ட் புரோக்கர துப்பறியுற ஆளா வச்சு எழுதுறது எப்படின்னு சொல்றேன். மொதல்லயே ஒண்ணு, துப்பு எல்லாம் நெலத்துல இருந்தும் பத்திரத்துல இருந்தும்தான் வரணும். உங்க புரோக்கர் அக்கா டெய்லராவோ டீச்சராவோ இருந்திருந்தா இந்தக் கொலைய கண்டுபிடிச்சிருக்கவே முடியாதுன்னு படிக்கிறவங்களுக்குத் தோணணும், அது இல்லன்னா புரோக்கர் எதுக்கு, பேசாம ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரரயே வச்சுடலாம்.

இந்த வேலைக்கு புரோக்கர் மாதிரி பொருத்தமான ஆள் கெடைக்கிறது கஷ்டம். நம்ம ஊர்ல அடுத்தவங்க வீட்டுக்குள்ள சும்மா போயி அடுப்படி வரைக்கும் எட்டிப் பாக்க முடியுமா, புரோக்கரால முடியும். கீழக்கரை பக்கம் பாத்தீங்கன்னா பெரிய பெரிய வீடா இருக்கும், குடும்பம் சென்னைலயோ துபாய்லயோ இருக்கும், சாவி ஊர்ல யாராச்சும் நம்பிக்கையான ஆள்கிட்ட இருக்கும், அந்த ஆள் உங்க கதைல புரோக்கரா இருக்கட்டும். யாரு கடன்ல மாட்டியிருக்கா, எந்த அண்ணன் தம்பி பாகப்பிரிவினைல பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்க, எந்த வீட்டுல பொண்ணு கல்யாணத்துக்கு அவசரமா நெலத்த விக்கிறாங்க, யாரு ஒரே எடத்துக்கு ரெண்டு பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கா, இதெல்லாம் போலீஸ் பத்து நாள் அலைஞ்சாலும் கெடைக்காது, புரோக்கருக்கு டீக்கடைல ஒக்காந்தாலே வந்துரும்.

நான் இங்க உதாரணத்துக்கு ஒரு ஆள உருவாக்கிக்கிறேன். பேரு பாக்கியம், வயசு அம்பத்தி ரெண்டு, ஸ்கூட்டி, ஹேண்டில்ல ஒரு மஞ்சப்பை, பைக்குள்ள ஜெராக்ஸ் கட்டு. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம், எஃப்எம்பி ஸ்கெட்ச்னு சொல்ற நெல அளவு வரைபடம், எந்த சர்வே நம்பர் சொன்னாலும் அந்த எடத்துல எத்தன பனை நிக்குதுன்னு சொல்லிடுவாங்க. ஊர்ல சின்னவங்க பெரியவங்க எல்லாருக்கும் பாக்கியத்தக்கா. இவங்க ஏன் கொலைய தோண்டணும்னு ஒரு காரணம் வேணும், அது ரொம்ப முக்கியம், சும்மா ஆர்வம்னு சொன்னா நிக்காது. ரெண்டு காரணமா குடுங்க. ஒண்ணு பொழப்பு: கொலை நடந்த எடம்னு பேராகிட்டா அந்த வரிசைல இருக்குற அத்தன மனையும் படுத்துரும், ராத்திரி பேய் அழுவுதுன்னு யாராச்சும் கெளப்பி விட்டா செண்ட் வெலை பாதிக்கு வந்துரும். இன்னொண்ணு பாசம்: செத்தவர் அவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு. பொழப்பு மட்டும் இருந்தா அக்கா சுயநலமா தெரிவாங்க, பாசம் மட்டும் இருந்தா கதை அழுகாச்சி ஆயிடும், ரெண்டும் சேர்ந்தாதான் சிரிப்பும் வரும் ஈரமும் இருக்கும்.

ஊருக்கு உண்மையான பேரு வைக்காதீங்க. சர்வே நம்பர், தோப்பு, பத்திரம்னு எழுதுறப்ப உண்மையான ஊரு பேரப் போட்டா எவரோ ஒருத்தர் வீட்டு விவகாரம் மாதிரி ஆயிடும். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல ஒரு இல்லாத ஊர உருவாக்குங்க, அந்தப் பக்கத்து ஊருங்க பேரு வலசை, மடம், ஊரணின்னு முடியும், அதனால தாழங்காட்டுவலசைன்னு ஒண்ணு வச்சா அங்கயே பொறந்த பேரு மாதிரி இருக்கும். சுத்தி இருக்குற பெரிய எடங்கள் மட்டும் உண்மையா இருக்கட்டும், பாம்பன் பாலம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு. ஒரு விஷயம், பாம்பன்ல ரயில் போற காட்சி வச்சா 2025 ஏப்ரலுக்கு அப்புறம் நடக்குற கதைல நடுப்பகுதி அப்படியே செங்குத்தா மேல தூக்குற புதுப் பாலம்தான் வரணும், ரெண்டு பக்கமும் கை விரிச்சா மாதிரி தொறக்குற 1914 பாலத்துல ரயில ஓட்டிடாதீங்க.

இப்ப சாவு. கோஸில கொலை கண்ணு முன்னாடி நடக்கக் கூடாது, ஒடம்ப வர்ணிக்கக் கூடாது. எப்படி செத்தாருங்குறதுல நான் ஒரு விஷயத்துல கண்டிப்பா இருப்பேன், அரளி விதை, பூச்சி மருந்து ரெண்டும் வேண்டாம். நம்ம பக்கம் எத்தனையோ வீட்டுல அது உண்மையான துக்கம், படிக்கிறவங்க வீட்டுலயே நடந்திருக்கலாம், அத வச்சு ஜாலியா கதை சொல்ல முடியாது. அதே மாதிரி சாதிச் சண்டை, கடலுக்குப் போயி இலங்கை நேவிகிட்ட மாட்டுன மீனவர் குடும்பம், இதெல்லாம் எழுத வேண்டிய விஷயம்தான், ஆனா வேற மாதிரி கதைல எழுதணும். இங்க வாக்குவாதத்துல ஒரு தள்ளு, மாடிப்படில ஒரு விழுகை, அது போதும்.

நம்ம வாத்தியாரய்யா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பொண்டாட்டி இல்ல, மக மதுரைல. கடலோரத்துல மூணு ஏக்கர் தென்னந்தோப்பு, அதுல ஒரு பழைய மாடி வீடு. தோப்ப விக்கிறதுக்கு தங்கச்சி மகனுக்கு, அதாவது அவரு மருமகனுக்கு, தனக்குப் பதிலா கையெழுத்துப் போட்டு விக்கிற பவர் எழுதிக் குடுத்திருக்காரு, அந்தப் பையன் திருப்பூர்ல வளந்தவன், ஊருக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. அவன் ஒரு பார்ட்டிகிட்ட பெரிய தொகை அட்வான்ஸ் வாங்கிட்டான், செலவும் பண்ணிட்டான். அய்யாவுக்கு மனசு மாறிடுச்சு, பவர ரத்து பண்ணப் போறேன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு ராத்திரி சண்டை.

இங்கதான் புரோக்கருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் கதையோட முதுகெலும்பா மாறுது. பவர் குடுத்தவர் செத்துட்டா அந்த நிமிஷமே பவரும் முடிஞ்சுது, அதுக்கப்புறம் அத வச்சு கிரயம் எழுதிக் குடுக்க முடியாது. அப்ப மருமகனுக்கு என்ன வேணும், மாமா செத்தது பத்திரம் பதிஞ்சதுக்கு அப்புறம்னு ஊரு நம்பணும். அதனால வீட்டப் பூட்டுறான், மாமா மதுரைக்கு மக வீட்டுக்குப் போயிட்டாருங்குறான், ரெண்டு நாள்ல ரிஜிஸ்டர் ஆபீஸ் போயி கிரயத்த முடிக்கிறான், அப்புறமா ஒண்ணும் தெரியாத மாதிரி கதவத் தொறந்து பாத்துட்டுக் கத்துறான். படிக்கிறவங்க "பவர்ல விக்கிறப்ப குடுத்தவர் உயிரோட இருக்காருன்னு டாக்டர்கிட்ட லைஃப் சர்டிபிகேட் வாங்கணுமே"ன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி, அத முன்னாடியே வாங்கி வச்சுட்டான்னு எழுதுங்க, சர்டிபிகேட் வாங்குன நாளுக்கும் பத்திரம் பதிஞ்ச நாளுக்கும் நடுவுல இருக்குற அந்த இடைவெளிலதான் உங்க மொத்தக் கதையும் நடக்குது. இன்னொண்ணும் கவனிங்க, பவர் குடுத்தவர் செத்தாலும் செல்லும்னு சொல்ற சில விதிவிலக்கு சட்டத்துல உண்டு, பவர் வாங்குனவருக்கே அந்தச் சொத்துல பாத்தியதை இருந்தா அப்படி வரும், அதனால இது பணம் எதுவும் கைமாறாத சாதா பவர்னு ஒரு வரி தெளிவா போட்டுடுங்க. வாங்குன பார்ட்டிக்கு சாவு தெரியுமா தெரியாதாங்குறது வக்கீலுங்க சண்டை போடுற விஷயம், அது நமக்கு லாபம், ஏன்னா அந்தப் பார்ட்டியும் சந்தேக லிஸ்ட்டுக்குள்ள வந்துடுறாரு.

கொலைகாரன் யாருன்னு கடைசில சொல்றது பெரிய விஷயம் இல்ல. துப்பு எல்லாத்தையும் படிக்கிறவங்க கண்ணு முன்னாடியே வச்சுட்டு அவங்களயே தாண்டிப் போக வைக்கிறதுதான் வேலை. மூணு துப்பு போதும், மூணும் அந்த மண்ணுல இருந்து வரட்டும்.

மொத துப்பு மாசம், கதைய மார்கழில வைங்க. மார்கழில யாராச்சும் அவசரப்பட்டு கிரயம் முடிப்பாங்களா? நாலு நாள் பொறுத்தா தை பொறந்துரும், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முகூர்த்த நாள்னா டோக்கன் கெடைக்காம கூட்டம் அள்ளும், மார்கழில காத்தாடும். அதுலயும் வாங்குற பார்ட்டி ராகுகாலம் எமகண்டம் பாக்குறவரா இருந்தா இன்னும் நல்லது, அப்படிப்பட்டவரே வெலையக் கொறச்சாங்கன்னு மார்கழில கையெழுத்துப் போட்டிருக்காரு. இத நாலாவது அத்தியாயத்துல ஒரு சாதாரணப் பேச்சா வைங்க, பாக்கியத்தக்கா பத்திரம் எழுதுறவருகிட்ட "என்னண்ணே இந்த மாசம் யாவாரமே இல்லியோ"ன்னு கேக்க, அவரு "எங்கத்தா, வாத்தியார் தோப்பு ஒண்ணுதான் முடிஞ்சுது"ன்னு சொல்லட்டும். அவ்ளோதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். புரோக்கர் மண்டைல அது முள்ளு மாதிரி நிக்கும், படிக்கிறவங்க தாண்டிடுவாங்க.

ரெண்டாவது துப்பு ராமநாதபுரம் பக்கத்துல இருக்குற உத்தரகோசமங்கை சிவன் கோயில். அங்க மரகத நடராஜர் வருஷம் முழுக்க சந்தனக் காப்புலதான் இருப்பாரு, வழக்கமா மார்கழி ஆருத்ரா தரிசனத்தப்ப மட்டும்தான் சந்தனத்தக் களைஞ்சு மரகத மேனியப் பாக்க விடுவாங்க. சுத்துப்பட்டு ஊரே கெளம்பிப் போயிடும், தெரு காலியா இருக்கும், கொலைக்கு அத விட வசதியான ராத்திரி எது. எல்லாரும் "நான் கோயில்ல இருந்தேன்"னு ஒரே பதிலச் சொல்லுவாங்க, போலீசுக்குத் தல சுத்தும். நம்ம மருமகனும் சொல்லுவான், "நாந்தான் மாமாவ வண்டில கூட்டிட்டுப் போனேன், சந்தனக் காப்புல சாமியப் பாத்ததும் மாமா கண்ணு கலங்கிட்டாரு"ன்னு. உள்ளூர்ல பொறந்தவனுக்கு இந்தத் தப்பு வராது, திருப்பூர்ல வளந்தவனுக்கு வரும், அதுக்குத்தான் அவன அங்க வளத்தோம். ஆனா ராம்நாடுக்காரங்க தவிர மத்தவங்களுக்கு இது தெரியாது இல்லியா, அதனால மொத அத்தியாயத்துலயே ஒரு அப்பத்தா பேத்திகிட்ட "இன்னிக்கு ஒரு நாள்தாண்டி சந்தனம் இல்லாம பாக்கலாம், சுருக்கா கெளம்பு"ன்னு சொல்றத வச்சுடணும். சொல்லாம விட்டுட்டு கடைசில தூக்கிப் போட்டா அது ஏமாத்து.

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொடம். இந்தக் கடற்கரைல கெணத்துத் தண்ணி பாதி எடத்துல உப்புக் கரிக்கும், எடம் பாக்க வர்றவங்க ரோடு இருக்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி தண்ணி நல்ல தண்ணியான்னுதான் கேப்பாங்க. குடிக்கிற தண்ணிய வண்டில வர்றப்ப கொடக் கணக்குல வெலைக்கு வாங்குறாங்க. அய்யா எப்பயும் வெளியூர் போறதா இருந்தா காலிக் கொடத்த உள்ள எடுத்து வச்சுட்டுத்தான் போவாரு, வெளிய வச்சா ஆடு தட்டி விட்டுரும்னு. மதுரைக்குப் போயிட்டாருன்னு சொல்ற அந்த நாலு நாளும் கேட்டு ஓரத்துல ரெண்டு பிளாஸ்டிக் கொடம் வாயத் தொறந்துட்டு அப்படியே நிக்குது. தண்ணி வண்டிக்காரர் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாரு. அந்தக் கொடத்த எப்படி வர்ணிக்கணும்னா, பாக்கியத்தக்கா ஒரு கஸ்டமருக்கு பக்கத்து மனையக் காட்டுறப்ப "இங்க பாருங்க சார் தண்ணி வண்டி வாசலுக்கே வரும்"னு விக்கிறதுக்காகவே அந்தக் கொடத்தக் கையக் காட்டிச் சொல்லணும். துப்பு வியாபாரப் பேச்சுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, யாரும் பிடிக்க மாட்டாங்க.

திசை திருப்ப ஒரு ஆள் வேணும். பக்கத்துத் தோப்புக்காரர இறக்குங்க. கொலை நடந்த ராத்திரி, பௌர்ணமி வெளிச்சத்துல, அவரு கடப்பாரையோட வேலி ஓரம் நின்னத ஒரு பையன் பாத்திருக்கான். விசாரிச்சா முன்னுக்குப் பின் பேசுறாரு. பழைய பத்திரத்துல அய்யா நெலத்துல கெணறு ஒண்ணு, பனை பன்னெண்டுன்னு இருக்கு, அக்கா போயி எண்ணிப் பாத்தா பனை பதினொண்ணுதான், கெணத்தையே காணோம். படிக்கிறவங்க ஒடனே கெணத்துக்குள்ள என்ன இருக்குன்னு பதறுவாங்க. கடைசில பாத்தா அவரு எல்லைக்கல்லத்தான் நகத்தியிருக்காரு, நல்ல தண்ணிக் கெணறு தன் பக்கம் வரட்டும்னு, அத ஓலையப் போட்டு மூடி வச்சிருக்காரு. குத்தம்தான், ஆனா கொலை இல்ல. இந்த மாதிரி ஆள கேவலப்படுத்தாம முடிங்க, அவரு வந்து கல்ல பழைய எடத்துல நட்டுட்டு அய்யா படத்துக்கு முன்னாடி நிக்கிற காட்சி ஒண்ணு வைங்க, நல்லா இருக்கும்.

போலீஸ முட்டாளாக் காட்டாதீங்க. நல்ல எஸ்.ஐ. ஒருத்தர் இருக்கட்டும், வேலைப்பளு அதிகம், ஊரு புதுசு, அவ்ளோதான். ஒடம்பு கெடைச்சா விஏஓ புகார் குடுக்குறது, ராமநாதபுரம் ஜிஹெச்ல போஸ்ட்மார்ட்டம், இதெல்லாம் சுருக்கமா ஓடட்டும். 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடக்குற கதைன்னா சந்தேக மரணத்துக்கு சட்டப் பிரிவு 174ன்னு எழுதாதீங்க, இப்ப அது புதுச் சட்டங்கள்ல பிரிவு 194, கொலைக்கு 302 இல்ல 103. அய்யா மாடிப்படில தவறி விழுந்துட்டாருன்னுதான் எல்லாரும் மொதல்ல நினைப்பாங்க. நாலு நாள் கழிச்சு கெடைச்ச ஒடம்புல மணிக் கணக்கா நேரம் சொல்றது டாக்டருக்கும் கஷ்டம், அந்த எடத்துலதான் கொடமும் சந்தனமும் வேலை செய்யுது. அக்கா எஸ்.ஐ.கிட்ட "சார், ஒரு சின்ன விஷயம் சார்"னு தயங்கித் தயங்கிப் பேசட்டும், அவரு மொத தடவ "நீங்க போங்கம்மா"ன்னு சொல்லட்டும், மூணாவது தடவ அவரே போன் பண்ணி "எங்கம்மா இருக்கீங்க"ன்னு கேக்கட்டும்.

சிரிப்பு எங்க இருந்து வரணும்? செத்தவர்கிட்ட இருந்து வரக் கூடாது, அழுவுறவங்ககிட்ட இருந்தும் வரக் கூடாது. புரோக்கர் தொழில்ல இருந்து வரணும். சந்தேகப்படுற ஆள விசாரிக்கப் போன வீட்டுல கெழக்கு வாசல், ஈசான மூலைல கெணறுன்னு அக்கா வாய் தன்னால சொல்லிடும். கோயம்புத்தூர்ல இருந்து வந்த பார்ட்டி கடல் தெரியுமான்னு கேக்க, தண்ணித் தொட்டி மேல ஏத்தி நிக்க வச்சு "அந்தா தெரியுது பாருங்க சார் நீலமா"ன்னு காட்டுறப்ப, மேல ஏறுன பார்ட்டி கண்ணுக்கு கடலுக்குப் பதிலா பக்கத்து வீட்டு மாடில எவனோ எதையோ எரிக்கிறது தெரியும், சிரிப்பும் துப்பும் ஒரே எடத்துல வந்துருச்சா. கடலுக்கு ரொம்பக் கிட்ட எடம் கேக்குறவங்களுக்கு கடலோரத்துல கட்டடம் கட்டக் கட்டுப்பாடு வைக்கிற சிஆர்இசட் சட்டத்த அக்கா வெளக்குற காட்சியும் நல்லா வரும், அலை ஏறுற கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் அந்தச் சட்டத்தோட கைக்குள்ளன்னு சொன்னதும் பார்ட்டி மொகம் போற போக்கு.

பேச்சு வழக்குல கவனமா இருங்க. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி எல்லாம் ஒரே மாதிரி பேச மாட்டாங்க. கீழக்கரை முஸ்லிம் வீட்டுல அண்ணன காக்கான்னும் அக்காவ லாத்தான்னும் கூப்புடுவாங்க, வாப்பா உம்மான்னு சொல்லுவாங்க, அவங்க வாயில அப்பா அம்மாவ வச்சா ஒட்டாது. டீக்கடைக்காரர் அந்த ஊருக்காரர்னா பாக்கியத்தக்காவே அவர காக்கான்னுதான் கூப்புடுவாங்க. மருமகன் வாயில மட்டும் லேசா கொங்குத் தமிழ் "ங்க" ஒட்டிட்டு வரட்டும்.

சாப்பாடு இல்லாம இந்த வகைக் கதை கெடையாது. கீழக்கரை தொதல், கருப்பட்டி காபி, நண்டு ரசம், கணவாய் வறுவல், தாராளமா வைங்க. ஆனா பருவம் தப்பக் கூடாது, மார்கழில பதநீரும் நுங்கும் குடுத்துடாதீங்க, முண்டு மிளகாய் பழுத்துக் களத்துல காயுற காலமும் அது கெடையாது. கடலும் அப்படித்தான், மார்கழில வாடைக் காத்து, வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், அடங்கி இருக்கும், அதனால "வடகடல்ல அமைதியா வள்ளத்துல போனேன்"னு எவனாச்சும் சொன்னா ஊருக்கே தெரியும் அது பொய்னு. மார்கழி வேணாம், எல்லா ஆம்பளைங்களும் ஊர்ல இருக்குற மாதிரி வேணும்னா மீன்பிடித் தடைக்காலத்த எடுத்துக்கங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரைல நிக்கும், டீக்கடைல கூட்டம் கலையாது. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லைங்குறத மட்டும் மறக்காதீங்க.

எல்லாரையும் ஒரு எடத்துல கூட்டி உண்மைய ஒடைக்கிற காட்சி இந்த வகைல கட்டாயம். பங்களா ஹால்ல ஒக்கார வச்சு பேசுறதெல்லாம் நம்ம ஊர்ல செயற்கையா இருக்கும். சர்வேயர் நெலத்த அளக்க வர்ற நாள எடுங்க. நோட்டீஸ் போயிருக்கும், பக்கத்து நெலத்துக்காரர், வாங்குன பார்ட்டி, மருமகன், மதுரைல இருந்து மக, விஏஓ, வேடிக்கை பாக்க ஊரு பாதி, எல்லாரும் அவங்களாவே வந்து நிப்பாங்க, எஸ்.ஐ.யும் ஓரமா நிக்கலாம். செயின் பிடிச்சு அளக்க அளக்க ஒவ்வொரு மூலைலயும் ஒரு உண்மை. மொத மூலைல நகந்த கல்லு, பக்கத்துத் தோப்புக்காரர் தலயக் குனியுறாரு. ரெண்டாவது மூலைல ஓலை மூடுன கெணறு. மூணாவது மூலை வீட்டுக் கேட்டு, அங்க கொடம். அங்க நின்னு அக்கா மருமகன்கிட்ட கோவமே இல்லாம "தம்பி, மாமா சாமியப் பாத்து அழுதாருன்னு சொன்னியே, சாமி எப்படிப்பா இருந்துச்சு"ன்னு இன்னொரு தடவ கேக்கணும். அவன் சந்தனம்னு சொன்னதும் கூட்டத்துல மொதல்ல அந்த அப்பத்தாதான் நிமிந்து பாக்கணும், அக்கா வெளக்கம் சொல்றதுக்கு முன்னாடி ஊரே வெளங்கிக்கணும். அந்த நேரத்துல வசனம் கம்மியா வைங்க.

அதுக்கப்புறம் ஒரு அத்தியாயம் கண்டிப்பா வேணும், நெறைய பேரு கைது ஆனதோட முடிச்சுடுறாங்க. தோப்பு என்ன ஆச்சு? மகளுக்கு வாரிசு சர்டிபிகேட் வாங்கணும், அந்தக் கிரயத்த எதுத்து கோர்ட்டுக்குப் போகணும், பட்டா மாறணும், அக்கா எல்லாத்துக்கும் கூடவே அலையுறாங்க, கமிஷன் இல்லாம. கோயம்புத்தூர் பார்ட்டி திரும்பி வந்து அதே மனைய வெலை பேசலாம்.

எழுதுறப்ப மொதல்ல பின்னால இருந்து ஒரு தேதி அட்டவணை போடுங்க: சர்டிபிகேட் வாங்குன நாள், ஆருத்ரா ராத்திரி, தண்ணி வண்டி வந்த ரெண்டு நாள், பத்திரம் பதிஞ்ச நாள், கதவு தொறந்த நாள். காலண்டர வச்சுட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் லீவு நாள்ல பத்திரம் பதியலியேன்னு பாத்துக்கங்க. முடிச்சுட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு உண்மையான புரோக்கர்கிட்டயும் ஒரு பத்திர எழுத்தர்கிட்டயும் அந்தப் பவர் விஷயத்த மட்டும் வாய்ல சொல்லிக் காட்டுங்க, எங்க ஓட்டை இருக்குன்னு ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுவாங்க, அதுல பாதி உங்க அடுத்த கதைக்கே ஆகும்.